மூன்று படமும் ஒரு மகனும்

அத்தியாயம் 11

விமலேஸ்வரி மருமகனின் யூரியூப் சனலுக்காகக் கமெராவுக்கு முன்னால் இருந்து வாய் திறந்ததே பெரிய காரியம். போன கிழமை, அழாமல், மூக்கை உறிஞ்சாமல், நேரே பார்த்துக் கதைத்து முடித்த கையோடு மருமகனிடம் அவ கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“தம்பி, என்ர பிள்ளையின்ர படத்தைச் சும்மா போடுங்கோ. மாலை கீலை ஒண்டும் போட்டிடாதேங்கோ.”

ஓம் மாமி, ஓம் மாமி என்று சுகிர்தன் தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டலை நம்பித்தான் மனுசி அலுமாரியைத் திறந்து, பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு வினோதன் நிற்கிற அந்த ஒற்றைப் படத்தை எடுத்துக் கொடுத்தது.

சுவரில் இருக்கிற படத்துக்கு மாலை ஏறினால் ஆள் செத்துப்போச்சு. எங்கட வீடுகளில் இதற்கு வேறு கதை கிடையாது. புருசன் தவராசாவின் படத்துக்கு மாலை இருக்கிறது, கீழே சிவப்பு பல்ப் எரிகிறது. அவர் மாரடைப்பில் போனவர், சாம்பலை அள்ளிக் கடலில் கரைத்தாயிற்று. மகன் வினோதன் அப்படியில்லை. கடைசிச் சண்டை நேரம், வட்டுவாகல் பாலத்தடிச் சன நெரிசலில், பதினேழு வயதில் தாயின் கையை விட்டவன். அதன் பிறகு ஆளையும் காணவில்லை, உடலையும் காணவில்லை.

மரணச் சான்றிதழை எடுங்கோ அம்மா என்று எத்தனை அரசாங்கக் கந்தோரில் சொல்லிவிட்டார்கள்! விமலேஸ்வரி எடுக்கவில்லை. திவசம் கொடுக்கவில்லை. அதற்காக, வந்துவிடுவான் வந்துவிடுவான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டும் திரியவில்லை. யார் கேட்டாலும் ‘தெரியாது’ என்பா. பதினாறு வருசமாக அந்த ஒரு சொல்லோடுதான் மனுசி சமைக்கிறது, நெல் காய வைக்கிறது, படுக்கிறது.

மகள் கிருசாந்திக்கு இது தெரியாதா என்ன? அந்த வீடியோவுக்குத் தம்நெயில் செய்தவளே அவள்தான். வீடியோவைத் திறக்க முதல் போனில் தெரிகிற சின்னப் படம் இருக்கிறதே, அதைச் செய்வதில் அவள் கெட்டிக்காரி. கிளிநொச்சியில் வீடியோ போடுகிற பாதிப்பேர் அவளைத் தேடித்தான் வருவார்கள். முகம் ஒரு பக்கம் பெரிதாக வரவேண்டும். எழுத்து நாலு சொல்லைத் தாண்டக்கூடாது. வலது பக்கக் கீழ் மூலையில் ஒன்றும் எழுதக்கூடாது, வீடியோவின் நீளத்தைக் காட்டுகிற இலக்கம் வந்து மறைத்துவிடும். செய்து முடித்ததும் போனைக் கை நீட்டுத் தூரத்தில் பிடித்துப் பார்ப்பாள். அந்தத் தூரத்திலும் கண்ணுக்குப் பிடித்தால்தான் கொடுப்பாள்.

தாயின் வீடியோவுக்கு அவள் செய்தது வலு எளிமையான படம். ஒரு பக்கம் தாய், மற்றப் பக்கம் தம்பியின் பள்ளிக்கூடப் படம், நடுவில் ‘இவரைக் கண்டீர்களா?’. புருசனிடம் கொடுக்கும்போது, “இதை மட்டும் போடுங்கோ” என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

சனிக்கிழமை காலமை முற்றத்தில் தறப்பாள் விரித்து விமலேஸ்வரி நெல்லைக் காலால் கிளறிக்கொண்டு நின்றா. கிருசாந்தி குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். படலை திறந்த சத்தம் கேட்டது. கூடவே ஓர் ஒப்பாரியும் கேட்டது.

“ஐயோ விமலாக்கா! எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே! பதினாறு வருசமாக் காத்திருந்து கடைசியில இப்பிடியே முடிய வேணும்?”

பக்கத்து வளவு ராஜினி. வெள்ளைச் சேலை. ஒரு கையில் பெரிய பிளாஸ்க். செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதென்று தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். நல்ல மனம்தான், யார் இல்லையென்றது? ஆனால் செத்தது யார் என்று முதலில் கேட்டிருக்கலாம்.

விமலேஸ்வரியின் கால் நெல்லுக்குள் நின்றுவிட்டது. ராஜினி ஓடி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டு அழத் தொடங்க, அந்த அழுகை முடிய முதலே படலை இரண்டாம் முறை திறந்தது.

“அம்மா! அம்மோய்! புள்ள வந்துருச்சாமே! எங்கம்மா தம்பி? உள்ள தூங்குதா?”

இது வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துச் சிவலட்சுமி. மலையகத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். சிரிப்பென்றால் காது வரைக்கும் சிரிப்பு. கக்கத்தில் ஒரு பேட்டுக்கோழி.

“தம்பிக்கு அடிச்சுக் குடுங்கம்மா, எம்புட்டு வருசமோ, என்னத்தச் சாப்பிட்டுச்சோ...”

சொல்லிக்கொண்டே வந்தவள் ராஜினியின் வெள்ளைச் சேலையைக் கண்டு அப்படியே நின்றாள். ராஜினி கோழியைக் கண்டு அழுகையை நிற்பாட்டினாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். குசினி வாசலில் கிருசாந்தி துருவலையோடு நின்றாள்.

விமலேஸ்வரி ராஜினியின் கையைத் தன் தோளிலிருந்து எடுத்துவிட்டா.

“ஆர் செத்தது?” என்று அவளைக் கேட்டா. பிறகு சிவலட்சுமியின் பக்கம் திரும்பி, “ஆர் வந்தது?” என்று கேட்டா.

பதிலுக்கு இரண்டு பேரும் போனைத்தான் நீட்டினார்கள்.

ராஜினியின் போனில் வினோதன் கறுப்பு வெள்ளையில் இருந்தான். கழுத்தில் மல்லிகை மாலை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. சந்தியில் கட்டுகிற கண்ணீர் அஞ்சலிப் பதாகை எப்படி இருக்குமோ, அச்சாக அப்படியே. ‘கதறும் தாய்’ என்று மேலே எழுதியிருந்தது.

சிவலட்சுமியின் போனில் தாடி வைத்த ஒருவன் விமலேஸ்வரியைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டு நின்றான். ‘16 வருடத்தின் பின்... மகன் வந்துவிட்டார்’ என்று மஞ்சள் எழுத்து.

கிருசாந்தி தன் போனைத் திறந்து பார்த்தாள். அவளுக்கு அவள் செய்த படமே காட்டியது. இவரைக் கண்டீர்களா. ஒரே வீடியோ, மூன்று போன், மூன்று படம்.

“வீடியோவைப் பாத்தனீங்களோ?” என்று கேட்டாள்.

“எங்க பாக்கிறது பிள்ளை? படத்தைக் கண்டோடன நெஞ்சு அடைச்சுப்போச்சு, ஓடி வந்திட்டன்.”

“நானுந்தான் கண்ணு. படத்துல அம்மாவக் கட்டிப்புடிச்சுக்கிட்டு நிக்குதே, அதுக்கு மேல என்னத்தப் பாக்குறது?”

அவர்களில் என்ன பிழை? திறக்காமலே நம்ப வைக்கத்தானே இந்தப் படத்தைச் செய்கிறது. கிருசாந்திக்கு எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. மூன்று தம்நெயிலைப் போட்டுவிட்டால், யூரியூப் ஓர் ஆளுக்கு ஒன்றைக் காட்டும், இன்னோர் ஆளுக்கு மற்றதைக் காட்டும். எதைச் சனம் கூடப் பார்க்குதோ அதை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் கழித்துவிடும். அதற்குப் பெயர் டெஸ்ற். அதை அவளே எத்தனையோ பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறாள்.

“இஞ்ச தாங்கோ” என்று தாய் இரண்டு போனையும் வாங்கினா. கிருசாந்தி தடுக்கப் போனாள், முடியவில்லை.

மாலை போட்ட படத்தை விமலேஸ்வரி பார்த்தா. பெருவிரலால் அந்த மாலையைத் துடைத்துப் பார்த்தா. படம் மேலே ஓடிப்போய், யாரோ நண்டுக் கறி சமைக்கிற வீடியோ வந்து நின்றது. அந்தப் போனை ராஜினியிடம் கொடுத்துவிட்டு மற்றதைப் பார்த்தா.

“ஆர் பிள்ளை இந்தத் தாடிக்காரன்?”

“ஒருத்தரும் இல்லையம்மா. மெஷின் கீறினது. தம்பியின்ர படத்தைக் குடுத்து, இப்ப எப்பிடி இருப்பான் எண்டு கீறுவிச்சிருக்கிறார்.”

“ஆர்?”

“உங்கட மருமகன்.”

விமலேஸ்வரி போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சிவலட்சுமி போனை வாங்கக் கை நீட்டியபடி நெடுநேரம் நின்றாள். அந்த அவதிக்குள் கக்கத்திலிருந்த கோழி நழுவி, காயப்போட்ட நெல்லுக்குள் இறங்கிக் கொத்தத் தொடங்கியது. அதைத் துரத்தக்கூட அங்கே ஒருவருக்கும் கை எழவில்லை. “நான் ஒரு மடச்சி, நான் ஒரு மடச்சி” என்று சிவலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள்.

கிருசாந்தி துருவலையை அப்படியே போட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள். புருசனுக்குப் போன் அடித்தால் எடுக்கிறான் இல்லை. எடுக்க மாட்டார்! முழு உலகத்துக்கும் ‘வணக்கம் உறவுகளே’ சொல்லுவார், வீட்டுக்காரி அடித்தால் மட்டும் போன் சைலண்ட். வட்டக்கச்சியிலிருந்து கரடிப்போக்குச் சந்தி வரைக்கும் வழி நெடுகத் திட்டிக்கொண்டே போனாள்.

சுகிர்தனின் அறை ஓர் இரும்புக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. ‘சுகி வெளிக்கிட்டாச்சு’ என்பது அவனுடைய சனலின் பெயர். அக்கராயன் குளம் நிரம்பி வான் பாய்கிறதைக் காட்டினான், ஆனையிறவில் உப்பு அள்ளுகிறதைக் காட்டினான், அதெல்லாம் நல்ல வீடியோ. பொய் சொல்லக்கூடாது. பிறகு பிறகு சனம் குறைந்தது. குறையக் குறைய இந்த மனுசனுக்குப் புத்தியும் குறைந்துபோச்சு.

“என்னப்பா இந்த வெயிலுக்குள்ள?” என்று காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினான்.

“அம்மான்ர வீடியோவுக்கு எத்தினை படம் போட்டனீங்கள்?”

“எந்தப் படம்?”

“சுகிர்தன்!”

கலியாணம் முடித்த நாளிலிருந்து அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவன் கதிரையை விட்டு எழும்பினான்.

“ஓ, அதோ... டெஸ்றுக்கு ரெண்டு மேலதிகமாப் போட்டனான். உம்மட படம் வடிவுதான், ஆனா ஒருத்தரும் அமத்துறாங்கள் இல்லை. அது ஒரு சோதனைதானே கிருசா.”

“சோதனையோ? எழுத்து மஞ்சளோ வெள்ளையோ எண்டு பாக்கிறது சோதனை. முகத்தை இடப்பக்கம் வைக்கிறதோ வலப்பக்கம் வைக்கிறதோ எண்டு பாக்கிறது சோதனை. என்ர தம்பி செத்திட்டானோ இருக்கிறானோ எண்டு சனத்திட்ட வோட்டுக்கு விட்டிருக்கிறீங்கள்! உங்களுக்கு விசரே?”

“மெல்லக் கதையும், கீழ கடையில ஆக்கள்.”

“கேக்கட்டும்! ராஜினி அக்கா வெள்ளைச் சேலையோட வந்து அம்மாவைக் கட்டிப்பிடிச்சு அழுகிறா. சிவலட்சுமியக்கா கோழியோட வந்து தம்பி எங்க, தம்பி எங்க எண்டுறா. அம்மா நடுவில நிக்கிறா. ஒருத்தியிட்ட ஆர் செத்தது எண்டு கேட்டா, மற்றவளிட்ட ஆர் வந்தது எண்டு கேட்டா. நீங்கள் கண்டிருக்க வேணும் அந்த முகத்தை. கண்டிருந்தா அதையும் எடுத்துப் போட்டிருப்பீங்கள்!”

சுகிர்தன் உதட்டைக் கடித்தான். “வந்துவிட்டார் எண்டு நான் சொல்லேல்லை. கேள்விக்குறி போட்டனான்.”

“எங்க?”

அவன் லப்டொப்பைத் திருப்பிக் காட்டினான். உண்மைதான், எழுத்தின் கடைசியில் ஒரு கேள்விக்குறி இருந்தது. கீழ் மூலையில், வலது பக்கத்தில். வீடியோவின் நீளம் வந்து ஒட்டுகிற அதே இடத்தில். எந்தப் போனிலும் அது தெரிந்திருக்க வழியே இல்லை. கிருசாந்திக்கு வந்த ஆத்திரத்தில் சிரிப்பே வந்துவிட்டது.

“இவ்வளவு காலம் என்னோட இருந்து இதைக்கூடப் படிக்கேல்லையே நீங்கள்!”

“சரி, பிழைதான். ஆனா ஒண்டு கேக்கிறன், கோவிக்காமல் சொல்லும்.” அவனும் குரலை உயர்த்தினான். “மாமி என்னத்துக்குக் கதைச்சவா? எல்லாரும் பாக்க வேணும், எங்கயாவது ஒருத்தர் அவனைக் கண்டிருக்க வேணும் எண்டுதானே? உம்மட நல்ல படத்தைப் போட்டு ஒருத்தரும் பாக்காட்டில் ஆர் வந்து கண்டனான் எண்டு சொல்லப்போகினம்? நான் என்ன கூத்தாடவோ இதைச் செய்தனான்? மாமிக்காகத்தான் செய்தனான்.”

அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. அவன் முழுப் பொய்யனாக இருந்தால் இரண்டு அறை கொடுத்துவிட்டுப் போயிருப்பாள்.

“எது முன்னுக்கு நிக்குது?” என்று கேட்டாள்.

“என்ன?”

“மூண்டுக்குள்ளயும் எது முன்னுக்கு நிக்குது? உங்களுக்குக் காட்டுமே. காட்டுங்கோ.”

சுகிர்தன் லப்டொப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் பிடுங்கித் திருப்பினாள். மூன்று படத்துக்கும் மூன்று கோடு. அவள் செய்த படத்தின் கோடு சிறியது. தாடிக்காரனுடைய கோடு நடுத்தரம். மாலையும் குத்துவிளக்கும் போட்டதுதான் எல்லாவற்றையும் விட நீளம்.

“பாருங்கோ” என்றாள். “பதினாறு வருசமாக் கந்தோர்க்காரர் சொன்னதையே இப்ப சனமும் சொல்லுது. அவன் செத்துப்போனாத்தான் எல்லாருக்கும் வசதி.”

“இன்னும் ஒரு நாள் விட்டா டெஸ்ற் தானா முடிஞ்சிடும், பிறகு நான் உம்மட படத்தையே...”

“ஒரு நாளோ! அந்த ஒரு நாளைக்குள்ள எத்தினை பேர் பிளாஸ்கோட வருவினம் எண்டு நினைச்சுப் பாத்தனீங்களோ?”

அவள் அவனைத் தள்ளிவிட்டு அந்தக் கதிரையில் இருந்தாள். டெஸ்றை நிற்பாட்டினாள். இரண்டு படத்தையும் அழித்தாள். அழித்து என்ன? படத்தைக் கண்ட சனம் அதை எடுத்துப் பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் போட்டு, அது ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. வீட்டில் விட்ட பிழை என்றால் கழுவித் துடைக்கலாம், இதை எங்கே போய்த் துடைக்கிறது?

“மாமி பாத்திட்டாவோ?” என்று சுகிர்தன் மெதுவாகக் கேட்டான்.

“இதைத்தான் நீங்கள் முதல் கேட்டிருக்க வேணும்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அவன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தான்.

வீட்டுக்கு வந்தால் நெல் அப்படியே கிடக்கிறது, தாய் முற்றத்தில் இல்லை. விமலேஸ்வரி கோயிலுக்கு உடுக்கிற மாம்பழ நிறச் சேலையை உடுத்து, தலை வாரி இழுத்து, கையில் ஒரு பையோடு விறாந்தையில் இருந்தா. மற்றக் கையில் போன்.

“எங்கயம்மா வெளிக்கிட்டிட்டீங்கள்?”

“வவுனியாவுக்கு.”

வீடியோவின் கடைசியில் தன்னுடைய போன் இலக்கத்தைப் போடச் சொல்லியிருந்தா மனுசி. அந்த இலக்கத்துக்கு ஒரு பெண் எடுத்திருக்கிறாள். அரிசி ஆலையொன்றில் வேலையாம். அங்கே மூட்டை தூக்க வருகிற ஒருவன் படத்தில் இருக்கிறவன்தானாம். தாடியாம். பெரிதாக வாய் திறந்து கதைக்கமாட்டானாம்.

கிருசாந்தி விறாந்தையில் ஏறினாள். தாய்க்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள்.

“எந்தப் படத்தில அம்மா?”

“தாடி வைச்ச படத்தில.”

“அம்மா, நான் சொன்னனானெல்லே? அது மெஷின் கீறின முகம். அப்பிடி ஒருத்தன் உலகத்திலயே இல்லை.”

“தெரியும். நீ சொன்னது விளங்கினதுதான்.” விமலேஸ்வரி மகளின் முகத்தை நேரே பார்த்தா. “பதினேழு வயசில போனவன். மீசைகூட ஒழுங்கா அரும்பேல்லை. தாடி வைச்சா அவன் எப்பிடி இருப்பான் எண்டு நான் காணேல்லை. நீயும் காணேல்லை. பிறகு எப்பிடி நீ இல்லையெண்டுறாய்?”

கிருசாந்தியின் கோபமெல்லாம் திரண்டு வந்து, வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்ற புருசன் மீதுதான் பாய்ந்தது.

“கேட்டுதோ? நல்லாக் கேட்டுதோ? பதினாறு வருசமா இந்த மனுசியை ஆராலயும் அசைக்க முடியேல்லை. நீங்கள் ஒரு படத்தில அசைச்சுப் போட்டீங்கள்!”

“மாமி...” சுகிர்தன் கண் கலங்கி நின்றான். “மன்னிச்சுக்கொள்ளுங்கோ மாமி. நான் நினைக்கேல்லை.”

விமலேஸ்வரி அவனைப் பார்த்தா. சத்தம் போடவில்லை. ஆனால் கிருசாந்தி தன் வாழ்நாளில் தாயின் குரலை அப்படிக் கேட்டதில்லை.

“தம்பி, ஒரு காலமைக்குள்ள நீங்கள் என்ர பிள்ளையைச் சாகவும் வைச்சீங்கள், திரும்பி வரவும் வைச்சீங்கள். நான் பெத்தவள். இத்தினை வருசத்தில ஒரு நாள் எண்டாலும் நான் இந்த ரெண்டில ஒண்டைச் செய்யேல்லை. அவன் எங்கயோ ஒரு இடத்தில எனக்குத் தெரியாமல் இருந்தான். அந்த இடத்தையும் நீங்கள் எடுத்துப்போட்டீங்கள்.”

சுகிர்தன் கண்ணைத் துடைத்தான். “நான் வான் பிடிச்சுக்கொண்டு வாறன் மாமி, எல்லாருமாப் போவம், நானே விசாரிக்கிறன்” என்று அவசர அவசரமாகச் சொன்னான். சொல்லிக்கொண்டே கதவோரம் சாத்தியிருந்த கமெரா ஸ்ராண்டைக் கை போய்த் தூக்கியது. வேணுமென்று செய்யவில்லை, பாவி. கை தன்பாட்டுக்குப் போய்விட்டது. வெளியில் போவதென்றால் அதைத் தூக்கியே பழகிப்போன கை.

தூக்கின பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. கிருசாந்தியும் கண்டாள்.

அந்த ஸ்ராண்டைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்தாள். அது நெல்லுக்கு மேல் போய் விழுந்தது, கோழி செட்டையடித்துக்கொண்டு ஓடியது.

“நீங்கள் வர வேண்டாம்.” அவள் தாயைப் பிடித்து எழுப்பினாள். “இது என்ர அம்மா எனக்குத் தந்த வீடு. நான் திரும்பி வரேக்க அந்தக் கமெரா இந்த வளவுக்குள்ள நிக்கக்கூடாது. கமெராவை விட்டுட்டு நிக்க உங்களால ஏலுமெண்டா நில்லுங்கோ. ஏலாதெண்டா அதோடயே போங்கோ.”

சுகிர்தன் நின்ற இடத்திலேயே நின்றான். தாய் முதலே சொல்லி வைத்த ஓட்டோ வந்தது. தாயும் மகளும் ஏறினார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஓட்டோ பெரிய வாய்க்காலைத் தாண்டும்போது போன் அடித்தது. விமலேஸ்வரி எடுத்துக் காதில் வைத்தா.

“ஓம்... ஓம் தம்பி, நான்தான் தாய்... எங்க? மன்னாரோ?... மீன் வாடியிலயோ? தாடியோ... எவ்வளவு காலமா நிக்கிறான்?”

கிருசாந்தி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மெஷின் கீறுகிற முகத்தில் ஒரு மறு கிடையாது, ஒரு தழும்பு கிடையாது. ஊரில் இருக்கிற தாடிக்காரரெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் அந்த முகத்தில் இருப்பார்கள். யார் பார்த்தாலும் எங்கோ கண்டது மாதிரித்தான் இருக்கும். இதைத் தாய்க்கு எப்படிச் சொல்லுவது? ‘கண்டனாங்கள்’ என்று சொல்லுகிற சனத்தைப் பொய்யர் என்று சொல்லவும் முடியவில்லையே. அவர்கள் நல்ல மனத்தோடுதானே எடுக்கிறார்கள். அதை நினைக்க நினைக்க அவளுக்கு இன்னும் பற்றி எரிந்தது.

கிளிநொச்சி பஸ் நிலையத்தில் இறங்கியபோது மூன்றாவது அழைப்பு வந்தது. திருகோணமலையாம். கராஜில் வேலை செய்கிறானாம். அதே தாடி, அதே கண்ணாம். எடுத்தவர் நல்ல மரியாதையான மனுசன். அம்மா அழாதேங்கோ, கெதியா வாங்கோ என்று சொன்னார்.

“அம்மா, முதல் வவுனியாவுக்குப் போவம்” என்று கிருசாந்தி தாயின் கையைப் பிடித்தாள். “அங்க இல்லாட்டில் மற்றதைப் பிறகு பாப்பம். எல்லா இடத்துக்கும் நான் உங்களோட வாறன்.”

வவுனியா பஸ் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு நின்றது. இரண்டு பஸ் தள்ளி மன்னார் பஸ். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த திருகோணமலை பஸ் அப்போதுதான் உள்ளே திரும்பிக்கொண்டிருந்தது. விமலேஸ்வரி வவுனியா பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்தா. பையை மகளிடம் கொடுத்தா. மற்றக் காலை எடுக்கப் போகும்போது கையிலிருந்த போன் திரும்பவும் அடித்தது. தெரியாத இலக்கம்.

அவ அதை எடுக்கவில்லை. படியில் வைத்த காலை எடுக்கவும் இல்லை. போனைப் பார்த்தா, மன்னார் பஸ்ஸைப் பார்த்தா, உள்ளே வந்த பஸ்ஸைப் பார்த்தா. பிறகு மகளைப் பார்த்தா.

“பிள்ளை, எனக்கு இருந்த பெடியன் ஒருத்தன்தானே. இப்ப நான் எந்த பஸ்ஸில ஏற?”

கிருசாந்தி பையை மற்றக் கைக்கு மாற்றினாள்.

“அம்மா, ஏறுறதெண்டா ஏறுங்கோ, இல்லையெண்டா இறங்குங்கோ, வழியை மறிச்சுக்கொண்டு நிக்காதேங்கோ” என்று கண்டக்டர் கத்தினான். போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.